மாமரத்துக் கல்பாசி

நான் முதலில் கவனித்தது ஒரு சின்ன விஷயம்தான். ஐப்பசி மழை இரண்டு நாள் விடாமல் கொட்டியதில் கொல்லைப்புறம் முழுக்கக் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. கோழிக்கூண்டின் மேல் படிந்திருந்த தூசுகூடப் போய்விட்டது. மாமரத்தின் உடம்பில் இருந்த வெள்ளைத் திட்டுகள் மட்டும் கரையவில்லை. கரையாதது போக, வெள்ளையாக இருந்தவை பச்சையாக மாறியிருந்தன. பாத்திரம் துலக்கப் போன நான், கையில் புளியும் சாம்பலுமாக அங்கேயே நின்றுவிட்டேன்.

இதை நீ படிக்கும்போது உனக்கு என் வயது ஆகியிருக்கும். எனக்கு இப்போது பத்தொன்பது. நீ இன்னும் வெளியே வரவில்லை. மகனா மகளா என்றுகூடத் தெரியாது. பிரசவத்துக்காக அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறேன். ஜன்னலோரம் உட்கார்ந்து, என் நாத்தனார் கவிதா கொடுத்த பழைய பரீட்சைத் தாள்களின் பின்பக்கத்தில் இதை எழுதுகிறேன். எனக்கு வாயால் பேசிச் சொல்ல வராது. நீ வளர்ந்து எதிரில் வந்து நிற்கும்போதும் வருமோ வராதோ என்று பயமாக இருக்கிறது. அதனால் இப்போதே எழுதி வைத்துவிடுகிறேன். பெரிய புத்திமதி ஒன்றும் இல்லை. ஒரு மரத்தைப் பற்றியும் அதன்மேல் ஒட்டிக்கொண்டிருந்ததைப் பற்றியும்தான். ஆனால் அந்த மரம் இன்றைக்கும் நிற்பதற்கு நீயும் ஒரு காரணம். அதனால் உனக்குச் சொல்லியாக வேண்டும்.

என் ஊர் வேடந்தாங்கல் ஏரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் தண்ணீருக்குள் நிற்கிற மரங்கள் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்திருக்கும். எல்லாம் பறவைகளின் எச்சம். அந்தத் தண்ணீர்தான் எங்கள் வயலுக்குப் பாய்கிறது. அதனால் எச்சத்தைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள் எங்கள் ஊரில் இல்லை. கல்யாணமாகிப் புதுப்பட்டினத்து வீட்டுக்கு வந்த அன்று, கொல்லையில் நின்ற மாமரத்தில் திட்டுத் திட்டாக வெள்ளையைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. இங்கேயும் பறவைகள் வந்து தங்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். யாரையும் தெரியாத வீட்டில் அது ஓர் ஆறுதல். மூன்று மாதத்துக்கும் மேலாக அந்த மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டு காக்கையும் ஓர் அணிலும் தவிர எதுவும் வரவில்லை. இரண்டு காக்கை இவ்வளவு எச்சம் போடுமா என்று யாரிடமாவது கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை.

நான் அப்படித்தான். பறவைகள் பயந்து போய்விடும் என்று எங்கள் ஊரில் தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்க மாட்டார்கள். கவிதா இதைக் கேட்டதிலிருந்து எனக்குக் கொக்கு என்று பெயர் வைத்துவிட்டாள். "வெடிச் சத்தமே கேக்காம வளந்த பொண்ணு, அதான் பேச்சும் சத்தமில்லாம வருது" என்பாள். அவள் சொன்னால் கோபம் வராது. ஆனால் ஊர்மேல் பழி போட முடியாது. என் தம்பி அதே ஊரில்தான் பிறந்தான், நாலு தெரு கேட்கிற மாதிரி பேசுகிறான்.

நான் பள்ளிக்கூடத்தை விட்டதுகூட இந்த வாய் இல்லாததால்தான். அதை உனக்குத்தான் முதலில் சொல்கிறேன். எட்டாவது வரை ஊரிலேயே படித்தேன். ஒன்பதாவதுக்கு மதுராந்தகம் போக வேண்டும். காலையில் போவது சுலபம். சாயங்காலம் திரும்பும்போதுதான் கஷ்டம். எங்கள் ஊருக்குப் போகிற திருப்பத்தில் பஸ் தானாக நிற்காது. இறங்க வேண்டியவர்கள் "ஓல்டான்" என்று கத்தினால்தான் கண்டக்டர் விசில் ஊதி பஸ்ஸை நிறுத்துவார். எனக்குக் கத்த வராது. தொண்டை வரைக்கும் வரும், அங்கேயே நின்றுவிடும். யாராவது பெரியவர்கள் அங்கே இறங்கினால் கூடவே இறங்கிவிடுவேன். இல்லாவிட்டால் அடுத்த ஊரில் இறங்கி ஏரிக்கரையோடு நடந்து வருவேன். மழைக்காலத்தில் இருட்டிவிடும். ஒருநாள் கண்டக்டர், "இன்னாம்மா, தெனமும் தூங்கிடறியா?" என்று கேட்டார், பஸ்ஸே சிரித்தது. மறுநாள் வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டேன். அதற்கு அடுத்த நாளும். கடைசியில், பெண்ணுக்குப் படிப்பு ஏறவில்லை என்று வீட்டில் முடிவு செய்துவிட்டார்கள். படிப்பு ஏறிக்கொண்டுதான் இருந்தது. பஸ்தான் நிற்கவில்லை. நீ எந்த வேலையை விடுவதாக இருந்தாலும், விடுவதற்கு முன் உண்மையான காரணத்தை ஒருவரிடமாவது சொல்லிவிட்டு விடு. பல காரணங்களுக்குச் சுலபமான வழி இருக்கும். எனக்குப் பதிலாகக் கத்தப் பக்கத்து சீட்டு அக்காவிடம் சொல்லியிருந்தால் போதும்.

மாமரத்துக்கு வருகிறேன். மழைக்குப் பிறகு திட்டுகள் பச்சையானதை நான் மட்டும் பார்க்கவில்லை. உன் அப்பாவின் அம்மாவும் பார்த்தார். நான் அவரை அத்தை என்று கூப்பிடுவேன். கை ஓயாத மனுஷி. மாமா கல் லாரி ஓட்டுகிறவர், வாரத்தில் பாதி நாள் மாமல்லபுரத்துக்கும் குவாரிக்கும் இடையில்தான் இருப்பார். அதனால் வீடு முழுக்க அத்தையின் கையில்தான். அந்த மரம் இரண்டு வருடமாகக் காய்க்கவில்லை. பூக்கும், கருகும், கொட்டும். அத்தை அதற்குக் காரணம் தேடிக்கொண்டே இருந்தார். பச்சைத் திட்டுகளைப் பார்த்ததும் காரணம் கிடைத்துவிட்டது.

"பாரேன் இத. ஒடம்பெல்லாம் தேமல். அதான் காய்க்கல."

வாட்ச் ரிப்பேர் செய்கிற உன் அப்பா பல் தேய்த்துக்கொண்டே, "மரத்துக்குத் தேமல் வருமாம்மா?" என்றார்.

"மனுசனுக்கு வருது, மாட்டுக்கு வருது, மரத்துக்கு வராதா? நீ போய் வாட்ச்ச பாரு."

அத்தை சொன்னதோடு நிற்கிறவர் இல்லை. தேமலுக்குப் பூவரசங்காய்ப் பால் தடவினால் போகும். எங்கள் வீட்டிலும் அதுதான் வைத்தியம். சாயங்காலம் ஒரு முறம் நிறையப் பூவரசங்காய் வந்தது. கல்லில் வைத்துத் தட்டித் தட்டி, மஞ்சள் பாலாக வடிவதைத் துணியில் தொட்டு, மரத்தின் அடியிலிருந்து கைக்கு எட்டுகிற உயரம் வரை தேய்த்தார். என்னையும் தேய்க்கச் சொன்னார். தேய்த்தேன். ஒரு வாரம் இது நடந்தது. மரம் மஞ்சளாக நின்றது. கறிவேப்பிலை கேட்க வந்த மேல வீட்டு அம்மா, "இன்னாடி, மரத்துக்கு மஞ்ச நீராட்டா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அடுத்த மழையில் மஞ்சள் போய்விட்டது. திட்டுகள் போகவில்லை.

அதற்கப்புறம்தான் வெட்டுகிற பேச்சு வந்தது. அத்தைக்கு அந்த மரத்தின் மேல் வெறுப்பு எதுவும் கிடையாது. உன் அப்பாவுக்கும் கவிதாவுக்கும் ஏணை கட்டி ஆட்டியது அதன் கிளையில்தான். அதுதான் விஷயமே. "பொறக்கப் போற புள்ளைக்கும் அதே கெளையிலதான் ஏணை கட்டுவேன்னு நெனச்சிகினு இருந்தேன். சீக்குப் புடிச்ச மரத்துக்கடியில பச்சப் புள்ளையக் கொண்டு போவ முடியுமா? அது மேல இருந்து கொட்டறது புள்ள ஒடம்புல வுழாதா?" என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் நிஜமான பயம் இருந்தது. உன்னை நினைத்து வந்த பயம் அது. உன் வாழ்க்கையில் உனக்குப் பிடிக்காத எத்தனையோ காரியங்களை உன்மேல் பாசம் இருக்கிறவர்களே செய்வார்கள். அந்த நேரத்தில் அவர்கள் கையில் இருக்கிற கோடாலியை மட்டும் பார்க்காதே, கொஞ்சம் முகத்தையும் பார்.

கோடாலி வரைக்கும் போனது உண்மை. ஒரு காலையில் உன் அப்பாவின் கையில் கொடுத்தே விட்டார். கொடுத்த கையோடு திரும்பப் பிடுங்கிக்கொண்டார். பெண்டாட்டி மாசமாக இருக்கும்போது புருஷன் மரத்தில் கோடாலி வைக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். வீடு கட்டத் தொடங்கக் கூடாது, பாடை தூக்கக் கூடாது, பச்சை மரம் வெட்டக் கூடாது. இந்த விஷயங்களில் அத்தையிடம் விளையாட்டே கிடையாது. கூலிக்கு ஆள் கூப்பிட்டார். வந்தவர் என் வயிற்றைப் பார்த்ததும், "மாசமா கீறாங்களே, இந்த வூட்ல நான் வெட்ட மாட்டேன் தாயி" என்று பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு போய்விட்டார். "சரி, புள்ள பொறந்து தீட்டு கழியட்டும். அப்பறம் ஒரு நாள் கூட வெக்க மாட்டேன்" என்று அத்தை முடித்துவிட்டார்.

புரிகிறதா? நீ என் வயிற்றில் இருக்கும் வரைக்கும்தான் அந்த மரத்துக்கு உயிர். நீ எப்போது வருவாய் என்று எல்லோரும் ஆசையாக மாதத்தை எண்ணும்போது, எனக்கு ஒரு பக்கம் மரத்தின் மாதமும் சேர்ந்து குறைந்துகொண்டு வந்தது.

அதற்குள் அந்தத் திட்டுகள் என்னவென்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்குப் பிடிவாதம் வந்துவிட்டது. உன் அப்பாவுக்குப் புதுப்பட்டினம் மார்க்கெட்டில் வாட்ச் ரிப்பேர் கடை. கண்ணில் இடுக்கிக்கொண்டு பார்க்கிற லென்ஸ் அவரிடம் இரண்டு உண்டு. ஒன்றைக் கேட்டேன். கேட்டேன் என்றால், அதைக் காட்டி மரத்தைக் காட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே, "ஒரு கண்ண மூடாம ரெண்டையும் தொறந்து வெச்சிகினு பாரு, அப்பத்தான் வலிக்காது" என்று எனக்கு இடுக்கிக்கொள்ளச் சொல்லிக்கொடுத்தார். மரத்தோடு மூக்கு உரசுகிற மாதிரி நின்று பார்த்தேன். அதுவரை அழுக்கு என்று தெரிந்ததற்குள் ஒரு கொல்லையே இருந்தது. சாம்பல் நிறத்தில் இதழ் இதழாகப் படர்ந்த ஒன்று, ஓரமெல்லாம் பொடி தூவிய மாதிரி. அதன் நடுவில் கடுகைவிடச் சின்னக் கிண்ணங்கள், ஒவ்வொன்றுக்கும் வெளுத்த விளிம்பு. இன்னொரு திட்டு வழவழவென்று வெள்ளையாக இருந்தது, அதன்மேல் முழுக்கக் கறுப்பாகக் கோடு கோடாக எழுத்து மாதிரி. கவிதாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "தமிழ் இல்ல அண்ணி. தெலுங்கா இருக்கும்" என்றாள்.

மரத்தை விட்டுவிட்டு மற்றதையும் பார்க்கத் தொடங்கினேன். தென்னையின் வடக்குப் பக்கத்தில் இருந்தது. தோட்டத்துச் சுவரின் உச்சியில் ஆரஞ்சு நிறத்தில், யாரோ சாயம் தெளித்த மாதிரி இருந்தது. துணி துவைக்கிற கல்லின் பக்கவாட்டில்கூட ஒரு ரூபாய் அளவுக்கு வட்டமாக ஒன்று உட்கார்ந்திருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. மரத்துக்குத் தேமல் வரலாம் என்றே வைத்துக்கொள்வோம். கல்லுக்கு என்ன சீக்கு வரும்? சுவருக்கு எப்படித் தேமல் பூக்கும்? இது யாருடைய நோயும் இல்லை. இடம் கிடைத்த இடத்தில் உட்கார்ந்து தன் பாட்டுக்கு இருக்கிறது. ஒரு திட்டின் ஓரத்தில், எவ்வளவு வளர்கிறது பார்க்கலாம் என்று ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டி வைத்தேன். இரண்டு மாதம் கழித்தும் அது பொட்டைத் தொடவில்லை. அத்தைதான் தொட்டார். "சீக்கு மரத்துக்குப் பொட்டு ஒண்ணு கேடா" என்று உரித்துப் போட்டார்.

கவிதா பிளஸ் ஒன் படிக்கிறாள். ஒருநாள் புத்தகத்தோடு ஓடி வந்தாள். "அண்ணி, உன் தெலுங்கு எங்க புக்குல கீது. அஞ்சு மார்க் கொஸ்டின்." அதற்குப் பெயர் லைக்கன் என்று போட்டிருந்தது. ஒரே செடி மாதிரி தெரிந்தாலும் அது ஓர் உயிர் இல்லையாம், பூஞ்சையும் பாசியும் சேர்ந்து ஓர் உடம்பாக வாழ்வதாம். பூஞ்சை வெளியே சுவராக நின்று ஈரத்தைப் பிடித்து வைக்கும். பாசி உள்ளே இருந்துகொண்டு வெயிலை வைத்துச் சாப்பாடு தயாரிக்கும். மரத்திலிருந்து சாப்பாட்டை உறிஞ்சுவதில்லை, உட்கார மட்டும் இடம். மெதுவாக வளரும். புகை அதிகமான இடத்தில் பல வகை செத்துவிடும். அந்தப் பக்கத்தை மூன்று தடவை படிக்கச் சொன்னேன். "ஒண்ணு வூடு கட்டுது, ஒண்ணு சோறாக்குது. எங்க அண்ணனும் நீயும்தான் இது" என்றாள் கவிதா. பிறகு கொஞ்சம் யோசித்து, "எங்க அண்ணன் பூஞ்சன்றது கரெக்ட்டா பொருந்துது" என்றாள். நான் சிரித்தேன், ஆனால் உள்ளுக்குள் வேறு எதுவோ ஓடியது. பஸ்ஸை மட்டும் தாங்கியிருந்தால் நானே படித்துப் புத்தகத்தின் இந்தப் பக்கத்துக்கு வந்து சேர்ந்திருப்பேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்திருந்தார்கள். அத்தை மசாலாச் சாமானை வறுக்கச் சொன்னார். பட்டை, லவங்கம், அன்னாசிப் பூ எல்லாவற்றையும் பொட்டலத்திலிருந்து தட்டில் கொட்டினேன். கல்பாசி காய்ந்து சுருண்டு ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் சாம்பலாகக் கிடந்தது. இதை எத்தனையோ தடவை வறுத்திருக்கிறேன். அன்றைக்குத்தான் பார்த்தேன். ஒரு துண்டை எடுத்துத் தண்ணீரில் போட்டேன். மெல்ல விரிந்தது. அதே இதழ், அதே சுருண்ட ஓரம். மரத்தில் கிளை பிரிகிற இடத்தில் தடித்துத் தொங்கிக்கொண்டிருந்ததற்கு இது ஒன்றுவிட்ட அக்கா மாதிரி இருந்தது. அடுப்பில் வாணலி காய்வதை மறந்து கொல்லைக்கு ஓடினேன். கையில் இருந்ததையும் மரத்தில் இருந்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பின்னாலேயே வந்த கவிதாவுக்குச் சொல்லத் தேவையே இருக்கவில்லை.

இனி மரத்துக்குப் பயமில்லை என்று நினைத்தேன். நான் சொல்ல வேண்டியதைக் கவிதா கத்திக்கொண்டே உள்ளே போய்ச் சொன்னாள். "அம்மா, உன் தேமல் இன்னா தெரியுமா? நீ கொழம்புல போடற கல்பாசியோட சொந்தக்காரன்." அத்தை வந்து பார்த்தார். மரத்தைப் பார்த்தார், என் கையில் இருந்ததைப் பார்த்தார். மூக்கருகில் கொண்டுபோய் முகர்ந்தார். அத்தை நேராக அடுப்படிக்குப் போய், தட்டில் இருந்த கல்பாசி முழுவதையும் பொறுக்கி எடுத்துக் குப்பையில் போட்டார். "இத்தினி நாளு சீக்கை வாங்கியா கொழம்புல போட்டுகினு இருந்தேன்? மாசமா கீற பொண்ணுக்கு வேற ஊத்தினேனே" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். அன்றைக்குக் குழம்பு மணக்கவே இல்லை. உன் அப்பா இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "இன்னாமோ குறையுதே" என்றார்.

இதிலிருந்து நான் தெரிந்துகொண்டது ஒன்று உண்டு. பயந்து போயிருக்கிறவர்களிடம் உண்மையைக் கொண்டுபோய்க் கொடுத்தால், அதையும் பயத்தோடு சேர்த்து முடிச்சுப் போட்டுவிடுவார்கள். நீ சொல்வது சரியாக இருப்பது மட்டும் போதாது. அவர்கள் நிற்கிற இடத்திலிருந்து பிடித்துக்கொள்ள ஏதாவது கொடுக்க வேண்டும். இதை நான் யோசித்துக் கண்டுபிடித்தேன் என்று நினைத்துவிடாதே. வளைகாப்பு அன்றைக்குத் தானாக வாயில் வந்தது. அந்த வாய்க்கு அன்றைக்கு என்ன ஆனது என்று எனக்கே தெரியாது.

மாசியில் வளைகாப்பு. ஏழு வகைச் சோறு கிளறி, கூடம் நிறையப் பெண்கள். கன்னத்தில் சந்தனம் காய்ந்து இழுத்துக்கொண்டிருந்தது. முடிந்ததும் என்னை அம்மா வீட்டுக்கு அழைத்துப் போவதாக ஏற்பாடு. அதாவது, நான் திரும்பி வரும்போது உன்னோடு வருவேன், அந்த மரம் இருக்காது. நான் உட்கார்ந்திருந்த பலகையிலிருந்து பின்கதவு வழியாக அது தெரிந்துகொண்டே இருந்தது. எல்லோரும் ஒவ்வொரு வளையலாகப் போட்டுவிட்டு, என்ன சாப்பிட ஆசை என்று கேட்டார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் நான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். மேல வீட்டு அம்மா விடவில்லை.

"இன்னா கொக்கு, கையி கலகலன்னுது, வாயி தொறக்க மாட்டேன்னுது. எதுனா கேளும்மா. ஆசப்பட்டத குடுக்காம வுட்டா புள்ளைக்குக் காதுல சீ வடியும். அப்பறம் உன் மாமியாரத்தான் ஊர் பேசும்."

"ஆமாம்மா, கேளு. இந்த வூட்ல குடுக்காத சாமான் இன்னா கீது?" என்றார் அத்தை, எல்லோரையும் பார்த்துக்கொண்டு.

"மாங்கா" என்றேன்.

சிரித்தார்கள். "இதுக்கா இத்தினி நேரம்? மார்க்கெட்ல வர ஆரம்பிச்சிடுச்சே. தம்பிய அனுப்பு."

"மார்க்கெட் மாங்கா இல்ல அத்தை. நம்ம கொல்லையில கீதே, அந்த மரத்து மாங்கா."

நான் அந்த வீட்டில் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. கவிதா வாயில் வைத்த லட்டைக் கடிக்காமல் என்னைப் பார்த்தாள்.

"அதுல ஏதும்மா மாங்கா? பூத்ததெல்லாம் கருகிடுச்சே" என்றார் அத்தை.

"காய்க்கறப்ப குடுங்க."

"அடுத்த வருசம் ஆவுமே."

"ஆவட்டும் அத்தை. ஆசை அங்கயேதான் இருக்கும்."

மேல வீட்டு அம்மா சிரித்த சிரிப்பில் அவர் மடியில் இருந்த வெற்றிலை சிதறிவிட்டது. "போச்சுடி. உன் மருமவ மரத்துக்கு ஜாமீன் வாங்கிட்டா. இனிமே நீ வெட்டினா உன் பேரப் புள்ள காதுக்கு நீதான் ஜவாப்பு."

அத்தை என்னையே பார்த்தார். கோபமா என்று தெரியவில்லை. பிறகு என் கையை இழுத்து இன்னொரு வளையலைப் போட்டுவிட்டு, "வாயில்லாத பொண்ணுன்னு சொல்லித்தான கட்டி வெச்சாங்க" என்று என் அம்மாவைப் பார்த்துச் சொன்னார்.

நான் தந்திரம் செய்ததாக நீ நினைக்க வேண்டாம். உண்மையாகவே எனக்கு ஆசை இருந்தது. கேட்ட பிறகு இன்னும் அதிகமாகிவிட்டது.

இங்கே வந்து இரண்டு மாதம் ஆகிறது. கடைக்கு லீவு விடுகிற செவ்வாய்க்கிழமைகளில் உன் அப்பா பஸ் பிடித்து வருகிறார். போன மாதம் வந்தவர் உட்காருவதற்கு முன்பே சிரிக்கத் தொடங்கிவிட்டார். அத்தை மரத்தை வெட்டுகிற பேச்சையே விட்டுவிட்டாராம். அதை எப்படியாவது காய்க்க வைத்தாக வேண்டும் என்று கிளம்பிவிட்டாராம். மரம் எப்போதிலிருந்து காய்க்கவில்லை என்று உட்கார்ந்து கணக்குப் பார்த்திருக்கிறார். பாத்ரூம் கட்டிய வருடத்திலிருந்துதான். குளிக்கிற தண்ணீர், துவைக்கிற தண்ணீர், சோப்பும் காரமுமாக எல்லாம் மாமரத்தின் அடியில்தான் போய்ச் சேர்கிறது. இலை நுனியெல்லாம் ஏன் கருகுகிறது என்று அப்போதுதான் பிடிபட்டிருக்கிறது. மறுநாளே மண்வெட்டியை எடுத்து அந்த வாய்க்காலை வாழைப் பக்கம் திருப்பிவிட்டாராம். "கெணத்துத் தண்ணிய கொடத்துல கொண்டாந்து ஊத்துது எங்கம்மா. எனக்குக் கூட இப்பிடி ஊத்துனதில்ல" என்றார் உன் அப்பா. மரம் காய்க்கும் என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. சோப்புத் தண்ணீர்தான் காரணமா என்பதுகூட நிச்சயமில்லை. ஆனால் செம்பு நிறத்தில் துளிர் விட்டிருக்கிறதாம். திட்டுகளைப் பற்றி அத்தை ஒன்றும் சொல்வதில்லையாம். தண்ணீர் ஊற்றும்போது அவற்றின் மேலும் கொஞ்சம் தெளித்துவிட்டு, பச்சையாகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்கிறாராம். கவிதா பார்த்துவிட்டு வந்து சொன்னாளாம். குழம்பில் கல்பாசி மட்டும் இன்னும் திரும்பவில்லை.

நீ வளர்ந்து எந்த ஊரில் இருந்தாலும் உன் வீட்டைச் சுற்றி இவை இருக்கும். கடலோர ரோட்டை அகலப்படுத்தப் போகிறார்கள் என்று மரங்களில் நம்பர் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். வண்டி பெருகினால் ரோட்டுப் பக்கத்தில் இவை குறையலாம். அப்போது உள்ளே தள்ளித் தேடு. ஒரு திட்டைப் பார்த்ததும் சுரண்டாதே. முதலில் ஒரு கை தண்ணீர் தெளித்துவிட்டுக் கொஞ்சம் பொறுத்துப் பார். எச்சமாக இருந்தால் கரையும், சுண்ணாம்பாக இருந்தால் அப்படியே இருக்கும், பச்சை ஏறினால் அது உயிரோடு இருக்கிறது. உன் அப்பாவின் லென்ஸை உனக்காக வைத்திருக்கிறேன். இங்கே அம்மா வீட்டு வேம்பில் பத்தொன்பது வருடமாக எச்சம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததில் பாதி எச்சம் இல்லை என்பதை வந்த மறுநாளே பார்த்துவிட்டேன். ஏரிக்குப் பக்கத்திலேயே இருந்தும், அண்ணாந்து மேலே பறக்கிறதையே பார்த்துக்கொண்டு, கண்ணுக்கு நேரே இருந்ததை விட்டிருக்கிறேன்.

நேற்று செவ்வாய்க்கிழமை. உன் அப்பா வந்திருந்தார். போகும்போது மாமரத்துக்கு எதையாவது கொடுத்தனுப்ப வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. எங்கள் வயல் வாய்க்காலில் ஏரித் தண்ணீர் வடிந்து வண்டல் காய்ந்து கிடந்தது, பறவைகளின் எச்சம் எல்லாம் இறங்கிய கறுப்பு மண். அதைவிட நல்ல உரம் எங்கள் ஊருக்குத் தெரியாது. களைக்கொத்தியால் நானே சுரண்டி ஒரு சிமெண்டு சாக்கில் நிரப்பினேன், உட்கார்ந்து உட்கார்ந்துதான். "புதுப்பட்டினம் வரைக்கும் மண்ணத் தூக்கினு போவணுமா? வாட்ச் ரிப்பேர்காரன்னு எவனாவது நம்புவானா?" என்று கேட்டுக்கொண்டே அவர் தோளில் ஏற்றிக்கொண்டார். நான் முன்னால் நடந்து திருப்பத்துக்குப் போய் நின்றேன். அவர் வரப்பில் சாக்கோடு தடுமாறித் தடுமாறி வந்துகொண்டிருந்தார், பாதித் தூரம்கூடத் தாண்டவில்லை. பஸ் வந்துவிட்டது. ஓர் அம்மா இறங்கினார், இரண்டு பேர் ஏறினார்கள், கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் நகரத் தொடங்கியது. அதை விட்டால் சாயங்காலம்தான் அடுத்தது.

ஒரு கையால் உன்னைப் பிடித்துக்கொண்டு, பஸ்ஸின் பின்னால் இரண்டடி வேகமாக நடந்து, "ஓல்டான்" என்று கத்தினேன்.